நீலப் பரலும் புளியங்கொட்டையும்: எங்கள் ஒழுங்கையில் ஏழு ஞாயிறு

என் தொழில் தண்ணீர்ப் பம்பி திருத்துவது. திருகோணமலையில் உப்புவெளிக்கும் அலஸ்தோட்டத்துக்கும் இடையில் எந்த வீட்டுக் கிணற்றில் எந்த மோட்டர் கிடக்கிறது, எனக்கு முன்னால் அதைக் கழற்றிக் கெடுத்தது யார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கூட்டம் நடத்துவது என் தொழில் இல்லை. ஆனால் தை மாதம் எங்கள் ஒழுங்கையில் அடுத்தடுத்து ஐந்து வீடுகளில் டெங்கு வந்தது. புகை அடித்தார்கள். இரண்டு கிழமை அமைதி. பிறகு ஆறாவது வீடு. அன்று பின்னேரம் ஒழுங்கை முகப்பில் பெரிய சண்டை. ஆளுக்கொரு குற்றவாளி பிடித்து வைத்திருந்தார்கள்: ரயர் குவித்து வைத்திருக்கும் கடைக்காரர், வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வளவு, அரைகுறையாகப் புகை அடித்துவிட்டுப் போனவர்கள், கடைசியில் மழை. மழைக்கு மட்டும்தான் யாரும் ஏசவில்லை.

என் மருமகள் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிறாள். “மாமா, இப்பிடிச் சண்டைக்கெண்டே ஒரு படிப்பு இருக்கு” என்று சொல்லிச் சில குறிப்புகள் தந்தாள். ஆளைக் குற்றம் சொல்லாமல், ஒன்று இன்னொன்றை எப்படி அசைக்கிறது, அது எப்படிச் சுற்றித் திரும்பி வருகிறது என்று முழுவதையும் சேர்த்துப் பார்க்கும் படிப்பு அது, இங்கிலீசில் சிஸ்டம்ஸ் திங்கிங். அதில் ஜே ஃபொரெஸ்டர் என்ற ஆளைப் பற்றிப் படித்ததும் எனக்கு ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். பள்ளிக்கூடத்துப் பையனாக இருக்கும்போதே பழைய கார் உதிரிப்பாகங்களை வைத்துக் காற்றாடி ஒன்று செய்து, பண்ணைக்கு முதன்முதலாக 12 வோல்ட் மின்சாரம் கொடுத்தவர். பிறகு மின் பொறியியலாளராகி, 1956இல் அங்கேயுள்ள எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பள்ளிக்குப் போய், இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணக்கைத் தொழிற்சாலைகள் மீதும் நகரங்கள் மீதும் போட்டுப் பார்த்தார். ஒரு திருத்தக்காரன் தொடங்கிய படிப்பு என்றால் எனக்கும் கொஞ்சம் விளங்கும்தானே என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு

எங்கள் சனசமூக நிலையத்தின் பொதுநோக்கு மண்டபத்தைக் கேட்டு வாங்கினேன். பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி என்று படித்த ஞாபகத்தில், மதிலில் ஒட்டிய தாளில் ‘தொகுதிச் சிந்தனை: அனைவரும் வருக’ என்று எழுதிவிட்டேன். வந்த முதல் கேள்வியே “தேர்தல் வருதா தம்பி? நீ எந்தக் கட்சி?” என்பதுதான். இரண்டு பேர் அந்தச் சந்தேகத்திலேயே திரும்பிப் போனார்கள். மிச்சம் ஒன்பது பேர். நான் பிறிஸ்டல் போட்டில் வட்டமும் அம்புக்குறியும் கீறி முக்கால் மணித்தியாலம் விளக்கினேன். பிளேன்ரீ வந்தது, குடித்தார்கள். குடித்து முடிந்தபோது நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மண்டபத் திறப்பு வைத்திருப்பவர்.

அன்று எடுபட்டது ஒன்றே ஒன்று, மருமகள் செய்து காட்டிய விரல் விளையாட்டு. சுட்டுவிரலைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றுவதை நிறுத்தாமல் கையை மெல்ல மெல்ல இடுப்பு மட்டத்துக்கு இறக்கி, இப்போது மேலிருந்து பார்க்க வேண்டும். விரல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சுற்று மாறவில்லை, பார்க்கும் இடம்தான் மாறியது. திறப்புக்காரர் அதைப் பத்துத் தரம் செய்து பார்த்தார். நான் முக்கால் மணித்தியாலம் கதைத்தது அந்த ஒரு நிமிடத்துக்குப் பெறவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது என் பிழை தெரிந்தது. படம் என்னுடையது, சொற்கள் என்னுடையவை, முடிவும் நான் ஏற்கனவே எடுத்தது. அவர்கள் செய்வதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

நூலும் சிரட்டையும்

அடுத்த கிழமைக்கு பிறிஸ்டல் போட்டைச் சுருட்டி வைத்துவிட்டேன். பெயரையும் மாற்றினோம். கரைவலைச் சங்கத்தில் இருந்த ஒரு ஐயா கதையோடு கதையாக, “ஒரு கண்ணப் பிடிச்சு இழுத்துப் பார், முழு வலையும் அசையும், இதத்தானே சொல்றாய்?” என்று கேட்டார். அன்றிலிருந்து அதற்குப் பெயர் வலைக்கூட்டம். தாளில் எழுதாமலே ஆட்கள் வந்தார்கள்.

படம் கீறுவதற்குப் பதிலாக நிலத்தில் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தோம். ஒவ்வொரு சிரட்டையும் கூடிக் குறையும் ஒரு விஷயம். ஒன்றிலிருந்து மற்றதற்கு நூல். சிவப்பு நூல் என்றால், இது கூடினால் அதுவும் கூடும். கறுப்பு நூல் என்றால், இது கூடினால் அது குறையும். விளைவு தெரியக் காலம் எடுத்தால் நூலில் முடிச்சு, ஒரு கிழமைக்கு ஒரு முடிச்சு. இந்த முடிச்சு யோசனை மீன்பிடிக்காரருடையது. பிறகு பார்த்தால் முழு வேலையிலும் அதிகம் உதவியது அதுதான். காகிதத்தில் கீறும் அம்பில் தாமதம் கண்ணில் படாது. நூலைக் கையால் தடவும்போது முடிச்சு கையில் தட்டுப்படும்.

எனக்குத் தெரிந்த உதாரணத்தோடு தொடங்கினேன்: மேல்தாங்கியில் இருக்கும் மிதவை வால்வு. தண்ணீர் மட்டம் கூடினால் மிதவை உயரும், சிவப்பு. மிதவை உயர்ந்தால் வரும் தண்ணீர் குறையும், கறுப்பு. வரும் தண்ணீர் கூடினால் மட்டம் கூடும், சிவப்பு. சுற்றி வந்தால் ஒரு கறுப்பு. கறுப்பு ஒற்றை எண்ணில் இருந்தால் அந்த வளையம் மட்டம் பிடிக்கும். இரட்டையாக இருந்தாலோ கறுப்பே இல்லாவிட்டாலோ அது பிடிப்பில்லாமல் ஓடும். இதை நான் சொல்லி வாயை மூடவில்லை, பின்னால் இருந்த ஒரு அக்கா எழுந்து வந்தா. நாலு சிரட்டை வைத்தா: கடன், கிழமைக் கட்டுக்காசு, கையில் இருக்கும் காசு, புதுக்கடன். கடன் கூடினால் கட்டுக்காசு கூடும். கட்டுக்காசு கூடினால் கையில் காசு குறையும். கையில் காசு குறைந்தால் இன்னொரு கிழமைக் கடன், அது போய் முதல் சிரட்டையில் விழும். “ரெண்டு கறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தா. ஒரு சத்தமும் இல்லை. அந்த வளையம் எத்தனை வீட்டுக் கதை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஒரே ஒரு கட்டளைதான் வைத்தேன்: சிரட்டைக்கு ஆளின் பெயர் வைக்கக் கூடாது. ‘ரயர் கடைக்காரர்’ என்று வைக்க முடியாது, ‘மழையில் கிடக்கும் ரயர்’ என்று வைக்கலாம். சண்டையில் பாதி இதிலேயே அடங்கிவிட்டது. மிச்சப் பாதி பிளேன்ரீ நேரத்தில் நடந்தது.

அடுத்த ஞாயிறு கடற்கரையில். பெரிய விஷயம் இல்லை, பிள்ளைகளுக்காக. ஒவ்வொருவரும் மனதுக்குள் வேறு இரண்டு பேரைத் தெரிவு செய்து, வாய் திறக்காமல், அந்த இருவருக்கும் சமதூரத்தில் இருக்குமாறு நகர வேண்டும். இருபது பேரும் மணலில் எறும்பு மாதிரி அலைந்து, ஒருவழியாக அடங்கினார்கள். அப்புறம் நான் ஒரு பெடியனைப் பிடித்துப் பத்தடி தள்ளி நிறுத்தினேன், முழுக் கூட்டமும் குலைந்தது. இன்னொரு பிள்ளையை அதேபோல் தள்ளினேன், ஒருவரும் அசையவில்லை. அவளை யாரும் தெரிவு செய்திருக்கவில்லை, பாவம். எந்த இடத்தில் கை வைத்தால் அசையும் என்பதைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிள்ளை அன்று முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்ததால், அடுத்த முறை தள்ளுவதற்கு ஒரு பெரிய ஆளைத்தான் பிடிப்பேன்.

பால்மா

எம்.ஐ.டி.யில் 1960களில் உருவான ஒரு விளையாட்டு உண்டு. சில்லறைக் கடை, மொத்தக் கடை, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு பேர் வரிசையில் இருந்து பியர் விற்பார்கள். எங்கள் மண்டபத்தில் பியர் விற்றால் அடுத்த கூட்டத்துக்கு மண்டபமே கிடைக்காது. நாங்கள் அதைப் பால்மா ஆக்கினோம். ஒழுங்கைக் கடை, மொத்தக் கடை, ஏஜென்ட், கொழும்பில் இறக்குமதிக்காரர். பால்மாப் பெட்டிக்குப் பதில் புளியங்கொட்டை.

செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீட்டு மேசையில் சோக்கால் நாலு இடம் கீறுங்கள். ஒவ்வொருவர் கையிலும் தொடக்கத்தில் 12 கொட்டை. இரண்டு இடங்களுக்கு நடுவில் இரண்டு பெட்டி, அது லொறி வரும் வழி, ஒவ்வொரு பெட்டியிலும் 4 கொட்டை. கொட்டைகள் கிழமைக்கு ஒரு பெட்டி தூரம் கடைப் பக்கமாக நகரும். கீழே இருப்பவர் வேண்டியதைத் துண்டில் எழுதிக் கவிழ்த்து மேலே தள்ளுவார். அதை மேலே இருப்பவர் அடுத்த கிழமைதான் பார்க்கலாம். இருந்தால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கடனாக எழுதி, வந்ததும் கொடுக்க வேண்டும். கையில் தேங்கும் ஒவ்வொரு கொட்டைக்கும் கிழமைக்கு 50 சதம் நட்டம், கொடுக்க முடியாத ஒவ்வொன்றுக்கும் 1 ரூபாய். கதைக்கக் கூடாது. வாடிக்கையாளர் எத்தனை கேட்கிறார் என்பது ஒரு கட்டு அட்டையில் இருக்கும், அதைக் கடைக்காரர் மட்டும்தான் கிழமைக்கு ஒன்றாகப் புரட்டிப் பார்ப்பார்.

முதல் நாலு கிழமை எல்லோருக்கும் நித்திரை வந்தது. எட்டாவது கிழமையில் ஒழுங்கைக் கடையாக இருந்த ராத்தா முழுக்கக் கடனில். துண்டில் 12 எழுதினா, வரவில்லை, அடுத்த துண்டில் 20 எழுதினா. மொத்தக் கடை மாஸ்டர் பயந்துபோய் 30 எழுதினார். ஏஜென்ட் தம்பி 45. இறக்குமதிக்காரர் போத்தலில் இருந்து அள்ளி அள்ளிக் கப்பலில் ஏற்றினார். நான் 400 கொட்டை போதும் என்று நினைத்திருந்தேன், பதின்மூன்றாவது கிழமையில் முடிந்துவிட்டது. அவசரத்துக்குக் கச்சான் வாங்கி வந்து போட்டோம். கணக்கு இடித்தது. தேடிப் பார்த்தால் மாஸ்டர் தன் கையிருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். (புளியங்கொட்டை 800 வேண்டும். கச்சான் வேண்டவே வேண்டாம்.)

பதினாறாம் கிழமை சரக்கு வரத் தொடங்கியது. வந்துகொண்டே இருந்தது. ராத்தாவின் மேசையில் கொட்டை மலை மாதிரிக் குவிந்தது. எல்லோரும் துண்டில் 0 எழுதினார்கள், பிறகும் வந்தது. 24ஆம் கிழமையில் நிறுத்தி ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: வாடிக்கையாளர் என்ன செய்தார்கள்? இறக்குமதிக்காரர், “கூட்டிக் கூட்டிப் போனாங்கள், பிறகு திடீரெண்டு நிப்பாட்டிட்டாங்கள்” என்றார். ஏஜென்ட், “ஆரோ பதுக்கினது” என்றான். அப்புறம் ராத்தாவைக் கொண்டு அட்டைகளை வரிசையாகப் பரப்பினேன். 4, 4, 4, 4. ஐந்தாவது 8. அதிலிருந்து கடைசி வரை 8, 8, 8. ஒரே ஒரு தரம்தான் மாறியது.

மாஸ்டர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப பதுக்கினது ஆர்?”

“நீங்கதான் மாஸ்டர். நானுந்தான்” என்றா ராத்தா.

அப்புறம் 2022ஐப் பற்றிய கதை தொடங்கி மண்டபம் பூட்டும் வரை போனது. பால்மா, காஸ், பெற்றோல் வரிசைகளில் நின்ற கதை எங்களில் இல்லாதவர் யார்? அந்த வருடம் டொலர் இல்லாமல் கப்பல் வராதது உண்மையான பற்றாக்குறை, அதை விளையாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரைத் தாங்கி இருக்கும்போதே நிரப்பியது, வீட்டில் ஒன்று இருக்க இன்னொரு காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றது, போத்தலில் பெற்றோல் சேர்த்தது எல்லாம் நாங்கள் செய்ததுதான். ஆடி மாதம் பெற்றோலுக்குக் கியூ.ஆர். அட்டை வந்து வாகனத்துக்கு இவ்வளவு என்று ஆனபோது வரிசை ஏன் சுருங்கியது என்று ஒரு பெடியன் சிரட்டையில் வைத்துக் காட்டினான். அவனுக்கு வயது பதினைந்து. நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கச்சானுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மீன்பிடிக்காரர் நாலு பேரை இருத்தி ஒரு தட்டில் 40 போட்டோம். ஒவ்வொரு சுற்றிலும் விரும்பியதை எடுக்கலாம், மிஞ்சுவது இரட்டிக்கும், 40க்கு மேலே போகாது. பேசாமல் ஆடியபோது இரண்டாம் சுற்றிலேயே தட்டு காலி. பேசி ஆடியபோது ஆளுக்கு 5 எடுத்தார்கள், 20 மிஞ்சியது, திரும்ப 40 ஆனது, எத்தனை சுற்றும் போகலாம். நான் எலினோர் ஒஸ்ட்ரமைப் பற்றிச் சொன்னேன். பொதுச் சொத்தை ஊரவர்களே விதி வைத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009இல் நோபல் பரிசு வாங்கியவர். கரைவலை ஐயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “எங்கட பாட்டு முறை அதுதானே. ஆற்ற பாடு எப்ப எண்டு அப்பன் காலத்திலயே இருக்கு” என்றார். பாடு என்பது கரைவலை போட ஒவ்வொருவருக்கும் வரும் முறை. பிறகு சொன்னார், “ஆனா தம்பி, உன்ர தட்டு கண்ணுக்குத் தெரியுது. கடல் தெரியாது. உன்ர தட்டுக்கு வெளியில இருந்து ஒருத்தனும் சுருக்குவலையோட வரயில்ல.” பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டின் குறை அதுதான். அதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

நுளம்பு

ஐந்தாவது ஞாயிறுதான் டெங்குவைத் தொட்டோம். முதல் நாளே அதைத் தொட்டிருந்தால் ஒழுங்கைச் சண்டை மண்டபத்துக்குள் நடந்திருக்கும்.

சிரட்டைகள் கடகடவென்று விழுந்தன. பறக்கும் நுளம்பு, குடம்பி, காய்ச்சல், பயம், துப்புரவு, புகை, தண்ணீர் நிற்கும் சாமான், தண்ணீர் பிடித்து வைக்கும் பரல் (பீப்பாய்), குழாய்த் தண்ணீர் வராத நாள். காய்ச்சல் கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் துப்புரவு கூடும், துப்புரவு கூடினால் குடம்பி குறையும், கறுப்பு. குடம்பிதான் நுளம்பாகும், நுளம்புதான் காய்ச்சல் தரும். ஒரு கறுப்பு, மட்டம் பிடிக்க வேண்டிய வளையம். மிதவை வால்வு மாதிரித்தான். அப்படியானால் ஏன் ஏறி இறங்குகிறது?

முடிச்சு போடத் தொடங்கினோம். முட்டை நுளம்பாக 7 முதல் 10 நாள். நோயாளியின் இரத்தம் குடித்த நுளம்பு மற்றவருக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வர இன்னும் 8 முதல் 12 நாள். கடித்த பிறகு காய்ச்சல் வெளிப்பட 4 முதல் 10 நாள். கூட்டினால் மூன்று கிழமையிலிருந்து ஒரு மாதம். நூலில் நாலு முடிச்சு. இன்றைக்கு நாங்கள் பயப்படும் காய்ச்சல், போன மாதம் தேங்கிய தண்ணீரில் பிறந்தது. பயந்து துப்புரவு செய்யும்போது அடுத்த தொகுதி ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும். காய்ச்சல் குறைந்ததும் பயம் போய்விடும், துப்புரவு நின்றுவிடும், அப்போதுதான் குடம்பிக்கு நல்ல காலம். மாஸ்டர்தான் முதலில் கத்தினார், “இது பால்மா!” ராத்தா சிரித்தா. ஓம், அதே விளையாட்டுத்தான். காய்ச்சல் என்ற துண்டைப் பார்த்து நாங்கள் பிந்திப் பிந்தி எழுதிக்கொண்டிருந்தோம்.

புகை வைத்த சிரட்டையில் இருந்து இரண்டு கறுப்பு நூல் போயின. ஒன்று பறக்கும் நுளம்புக்கு. மற்றது பயத்துக்கு. குடம்பிக்கு ஒரு நூலும் போகவில்லை, ஏனென்றால் புகை தண்ணீருக்குள் போகாது. புகை வண்டி வந்து போன அன்று இரவு நிம்மதியாகப் படுத்தவர்களில் நானும் ஒருவன். புகை கூடாது என்று இதற்கு அர்த்தம் இல்லை, நோய் பரவிக்கொண்டிருக்கும்போது பறப்பதைக் கொல்லத்தான் வேண்டும். ஆனால் அது பயத்தையும் சேர்த்துக் கொல்கிறது என்பதை நூல் இல்லாமல் நான் கண்டிருக்க மாட்டேன்.

ராத்தா கிண்ணியாவில் பிறந்தவ. 2017 மார்ச்சில் அங்கே டெங்கு போட்ட போட்டை நேரில் பார்த்தவ. அந்த வருடம் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் நோயாளிகள், அதற்கு முன்னர் அவ்வளவு வந்ததில்லை. “மழை நிண்டு வெயில் எறிச்ச பிறகும் ஏன் வருது எண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல” என்றா. எங்கள் நிலத்துப் படத்தில் அதற்கு ஒரு பதில் கிடந்தது. மாரியில் சிரட்டை, ரயர், பீலியில் தண்ணீர் தேங்கும். மழை விட்டதும் அவை காயும், ஆனால் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வராத நாட்கள் தொடங்கும், ஆட்கள் பரலில் பிடித்து வைப்பார்கள். குடம்பி வீட்டுக்கு வெளியே இருந்து குசினி வாசலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதோடு முட்டை தண்ணீருக்குள் இல்லை, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், நனைந்ததும் பொரிக்கும். ஆகவே கவிழ்த்து ஊற்றினால் போதாது, தும்பால் உரஞ்ச வேண்டும்.

ஒருவர், “அப்ப பரல எறியுங்க” என்றார். ராத்தா அவரைத் திரும்பிப் பார்த்தா. “தண்ணி வராத நாளைக்கு நீங்க தூக்கித் தருவீங்களா?” எங்கள் ஒழுங்கையில் மேல்தாங்கி உள்ளவை ஆறு வீடு. மிச்ச வீடுகளில் 17 பரல். எறியச் சொன்னவர் வீட்டில் மேல்தாங்கி இருக்கிறது.

மூடி

ஆகவே பரல் இருக்கும், நுளம்பு இருக்கக் கூடாது. இதிலிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது, எனக்கும் உயிர் வந்தது. 200 லீட்டர் நீலப் பரல், மேலே முழுக்கத் திறந்தது.

முதல் மூடி தகரம். காற்றுக்குப் பறந்து பக்கத்து வளவில் விழுந்தது. கல் வைத்தால் பிள்ளைகளால் தூக்க முடியாது, ஆகவே திறந்தே கிடந்தது.

இரண்டாவது, கரைவலை ஐயா தந்த பழைய வலைத் துண்டு. கட்டிய அழகைப் பார்க்க வேண்டும், என்ன முடிச்சு! ஆனால் அந்தக் கண்ணுக்குள் நுளம்பு மட்டுமில்லை, வண்டும் போகும். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலையை விட்டுவிட்டு முடிச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். கிழிந்த நுளம்பு வலைத் துணியை வட்டமாக வெட்டி, விளிம்பில் சைக்கிள் ரியூப் வளையத்தை வைத்துத் தைத்து, பரல் வாயில் இழுத்து மாட்டினோம். தைத்தது கிழமைக் கடன் கதை சொன்ன அக்கா. அவதான் வளையத்தைப் பரலின் சுற்றளவை விடச் சின்னதாக வெட்டச் சொன்னா. மூன்று விரற்கடை சின்னதாக வெட்டியபோது ரியூப் தானாக இறுகிக்கொண்டது.

ஆறு நாள் நன்றாக இருந்தது. ஏழாம் நாள் போய்ப் பார்த்தால் பாதி மூடிகள் பரலின் பக்கத்தில் கிடந்தன. ஏன்? தண்ணீர் அள்ள வாளி விட வேண்டும், வாளி விட மூடியைக் கழற்ற வேண்டும், ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கழற்றி மாட்ட யாருக்குப் பொறுமை? நான் வழமை போல “மாட்டச் சொல்லி வடிவாச் சொல்லுவம்” என்றேன். மருமகள் நிலத்தைக் காட்டினாள். அங்கே ‘சொல்லுதல்’ என்ற சிரட்டை ஏற்கனவே இருந்தது. அதில் இருந்து போன நூலில் ஒரு பெடியன் குறும்புக்குக் கத்திரிக்கோலைத் தொங்கவிட்டிருந்தான்.

மூன்றாவது மூடி, திறக்கவே தேவையில்லாத மூடி. பரலின் அடியில் இருந்து மூன்று அங்குலம் மேலே ஓட்டை போட்டு, திறந்து மூடும் அரை அங்குலப் பைப் பூட்டினோம். பரலை நாலு சீமெந்துக் கல்லில் ஏற்றினோம், வாளி வைக்க உயரம் கிடைத்தது. தண்ணீர் நிரப்புவது மேலே துணிக்கூடாகவே, ஹோஸால். மூடுவதற்கு முன் தும்பால் உள்சுவரை உரஞ்சிக் கழுவ வேண்டும். துணி தொய்ந்து தண்ணீரில் முட்டினால் நுளம்பு துணிக்கு வெளியில் இருந்தே முட்டையிடும், ஆகவே நாலு அங்குலம் குறைவாக நிரப்ப வேண்டும். அதற்கு ஒரு சிவப்புக் கோடு.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஒரு வீட்டில் மலிவான வாஷரைப் போட்டேன், ஒழுகியது. வீட்டுக்காரர் தண்ணீர் வீணாகக் கூடாது என்று அடியில் ஒரு சட்டியை வைத்தார். அடுத்த சனிக்கிழமை பார்த்தால் முழு ஒழுங்கையிலும் அதிகக் குடம்பி அந்தச் சட்டிக்குள்தான். நான் பூட்டிய பைப், நான் வளர்த்த நுளம்பு. இப்போது பைப் பூட்டிய இடமெல்லாம் அடியில் சல்லி போட்டிருக்கிறோம், இரண்டு வீட்டில் வாழைக்கன்று வைத்தோம். வாஷர் லொறி ரியூபில் வெட்டியது.

பார்ப்பதற்குப் பிள்ளைகள். ஒவ்வொரு சனியும் ரோச் லைட்டோடு போய் எத்தனை பரலில் குடம்பி என்று எண்ணுவார்கள். டொனெல்லா மெடோஸ் என்ற அமெரிக்க அறிஞர் எழுதியது ஒன்று நினைவில் இருந்தது. நெதர்லாந்தில் ஒரே மாதிரியான வீடுகள், சிலவற்றில் மின்மானி நிலக்கீழ் அறையில், சிலவற்றில் வாசல் கூடத்தில். கண்ணில் படும் இடத்தில் இருந்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கு குறைவாக மின்சாரம் செலவானதாம். சரி, நாமும் கண்ணில் படும் இடத்தில் வைப்போம் என்று குடம்பி உள்ள வீட்டுக் கேற்றில் சோக்கால் புள்ளி போட்டோம். அன்று இரவே மூன்று வீட்டில் சண்டை, ஒரு பிள்ளைக்கு ஏச்சு. நெதர்லாந்தில் மின்மானியைப் பார்த்தது அந்த வீட்டுக்காரர். எங்கள் புள்ளியைப் பார்த்தது ஊர். கேற்றில் போட்டதை அழித்துவிட்டுப் புள்ளியைப் பரலிலேயே போடத் தொடங்கினோம், வீட்டுக்காரர் மட்டும் பார்ப்பார். ஒழுங்கை முழுவதற்குமான மொத்தத்தை மட்டும் நிலையத்துப் பலகையில் எழுதினோம். முதல் சனி 17இல் 11. ஆறாவது சனி 17இல் 3.

இதை வைத்து டெங்கைக் குறைத்தோம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெங்கு நுளம்பு அதிக தூரம் பறக்காது, ஆனாலும் பக்கத்து ஒழுங்கைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு மதில்தான். பூட்டிய வளவு இன்னும் பூட்டியே கிடக்கிறது. இடையில் ஒரு அலுவலகத்தில் இருந்து வந்தார்கள், மூடிகளைப் படம் எடுத்தார்கள், தங்கள் அறிக்கைக்கு என்று இரண்டை எடுத்துக்கொண்டும் போனார்கள். அந்த இரண்டு பரலும் மூன்று நாள் திறந்து கிடந்தன. அக்கா திரும்பத் தைத்தா.

ஏழாவது ஞாயிறு பக்கத்து ஒழுங்கையில் இருந்து நாலு பேர் வந்தார்கள், ஒருவர் சிங்களத்தில்தான் கதைப்பார். நூலுக்கு மொழி தேவைப்படவில்லை, சிரட்டைகளில் எழுதாமல் சாமானையே வைத்தோம்: ஒரு ரயர்த் துண்டு, ஒரு பைப், ஒரு பனடோல் அட்டை பயத்துக்கு. நான் பேசியது மொத்தம் பத்து நிமிடம் இருக்கும். கதை சொன்னது ராத்தாவும் மாஸ்டரும். ராத்தா பால்மாவைச் சொல்லும்போது மாஸ்டர் கச்சான் தின்றதை விடாமல் சேர்த்துக்கொண்டா.

பூட்டிய வளவுக்கு வெளிநாட்டுக்காரரின் தம்பியிடம் திறப்புக் கேட்டிருக்கிறோம். புளியங்கொட்டை 800ஐயும் எண்ணிப் போத்தலில் போட்டு நிலையத்து அலுமாரியில் வைத்தாயிற்று. நாளைக் காலையில் ராத்தா வீட்டுப் பைப்புக்கு வாஷர் மாற்ற வேண்டும், திரும்ப ஒழுகுதாம்.